மண்வெட்டியை எங்கே வைப்பது? நிலைத்த வாழ்வு மையத்துக்குத் தங்க வருகிறவர்களின் கேள்விகள்

கிராமப்புற நிலைத்த வாழ்வு மையம் ஒன்றில் முதலில் தன்னார்வலராக இருந்தேன். பிறகு, புதிதாக வருகிறவர்களுக்குப் படுக்கையைக் காட்டி மண்வெட்டியைக் கையில் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் அதே கேள்விகள்தான் என்னிடம் வந்தன. அவற்றில் பல, வந்த முதல் நாள் இரவு, விளக்கணைத்த பிறகு தயங்கித் தயங்கிக் கேட்கப்பட்டவை. கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மையத்துக்கு மையம் விதிகள் மாறும். புதியவரின் தடுமாற்றம் மட்டும் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இது பண்ணையா, ஆசிரமமா, பயிற்சிக்கூடமா? ஒன்றும் புரியவில்லையே.

மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். உண்பதில் ஒரு பங்கையாவது தானே விளைவிப்பது, மழைநீரைச் சேர்ப்பது, சூரிய ஒளியில் மின்சாரம் எடுப்பது, கழிவை மண்ணுக்கே திருப்புவது, இவற்றை வருகிறவர்களுக்கும் கற்றுக்கொடுப்பது என எல்லாம் ஒரே இடத்தில் நடந்தால் அது நிலைத்த வாழ்வு மையம். சில இடங்களில் தியானமும் உண்டு. சிலவற்றில் அந்தப் பேச்சே கிடையாது.

இன்று நாம் காணும் வடிவம் பெரும்பாலும் 1970களில் வேர் பிடித்தது. 1971இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட், நகரத்தில் அடைபட்டுக் கிடப்பவர்கள் வார இறுதியில் இயற்கைப் பண்ணையில் உழைத்துவிட்டுத் திரும்ப ஓர் ஏற்பாடு செய்தார். பல நாடுகளில் பரவியிருக்கும் வூஃப் அமைப்பு அப்படித் தொடங்கியதுதான். 1973இல் வேல்ஸ் நாட்டில், கைவிடப்பட்ட கற்சுரங்கம் ஒன்றில் மாற்றுத் தொழில்நுட்ப மையம் உருவானது. ஆஸ்திரேலியாவில் பில் மொல்லிசனும் டேவிட் ஹோம்கிரனும் இயற்கையின் போக்கைப் பார்த்துப் பண்ணையையும் வாழ்விடத்தையும் வடிவமைக்கும் முறைக்கு ‘பெர்மாகல்ச்சர்’ என்ற சொல்லை உருவாக்கி, 1978இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார்கள். நீங்கள் போகிற மையம் இவற்றில் ஏதோ ஒன்றுக்குத் தூரத்து உறவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எனக்கு விவசாயம் ஒன்றுமே தெரியாது. வந்து தொல்லையாகிவிடுவேனோ?

முதல் வாரம் தொல்லைதான். அதையும் கணக்கில் வைத்துத்தான் உங்களை வரச் சொல்கிறார்கள். நான் வந்த மூன்றாம் நாள் ஒரு பாத்தியில் களை எடுக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் பாத்தியைத் துடைத்துவைத்ததுபோல் ஆக்கிவிட்டு, பாராட்டுக்குக் காத்திருந்தேன். நான் பிடுங்கியதில் பாதி கேரட் நாற்று. கேரட் விதை முளைத்து வர இரண்டு வாரம்கூட ஆகும். முளைத்த புதிதில் புல்லைப்போலவே மெலிதாக நிற்கும். அந்தப் பாத்தியை விதைத்தவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலையில் விதைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தெரியாது என்று சொல்கிறவருக்கு ஐந்து நிமிடம் காட்டிக்கொடுத்தால் போதும். தெரிந்ததுபோல் தலையாட்டுகிறவர் செய்ததைச் சரிசெய்ய அரை நாள் போய்விடும்.

எனக்கு ஒரு வாரம்தான் விடுப்பு. உருப்படியாக எதையாவது கற்க முடியுமா?

ஒரு வாரம் சுற்றிப் பார்க்கப் போதும். எந்தக் கருவி எங்கே இருக்கிறது, எந்தக் குழாய் எந்தத் தொட்டிக்குப் போகிறது, யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் பிடிபடவே பத்து நாள் ஆகும். அதற்குப் பிறகுதான், யாரும் கூட நிற்காமல் ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பீர்கள். அடிக்கடி கிளறி விரைவாகச் செய்கிற மட்கு உரக் குவியலுக்கே குறைந்தது 18 நாள் வேண்டும். பெரும்பாலான காய்களை விதைத்துப் பறிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும்.

உங்கள் கை பட்டது விளைவதைப் பார்க்க ஆசையிருந்தால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். ஒரு வாரம்தான் முடியும் என்றால், தன்னார்வலராக வராமல் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்கு வாருங்கள். இரு தரப்புக்கும் மனக்குறை இருக்காது.

வேலையும் செய்து பணமும் கட்டச் சொல்கிறார்களே, இது நியாயமா?

மையங்கள் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. சில, உழைப்புக்கு ஈடாக உணவும் இடமும் கொடுத்துக் கணக்கை அதோடு முடித்துக்கொள்ளும். சில, சாப்பாட்டுச் செலவை மட்டும் கேட்கும். சில, முதல் இரண்டு வாரத்துக்குப் பணம் வாங்கி, அதற்குமேல் தங்கினால் விட்டுவிடும். மூன்றாவது முறை முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகு அதன் நியாயம் புரிந்தது. கேரட் கதையை நினைத்துப் பாருங்கள்.

உழைப்புக்கு ஈடாக உணவும் இடமும் என்ற ஏற்பாட்டில் நாளொன்றுக்கு 4 முதல் 6 மணி நேரம், வாரத்தில் 5 நாள் என்பது பரவலான வழக்கம். வருமுன் நான்கு விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை மணி நேரம், எத்தனை நாள் ஓய்வு, சமையலும் சுத்தம் செய்வதும் அந்த நேரத்துக்குள் வருமா, உடல்நிலை கெட்டால் என்ன ஏற்பாடு. பின்னால் வருகிற சண்டைகளில் பெரும்பாலானவை அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

சம்பளம் வாங்கப் போவதில்லையே, சுற்றுலா விசாவில் வெளிநாட்டு மையத்துக்குப் போகலாம்தானே?

அப்படி நினைத்துக்கொண்டு விமான நிலையத்திலேயே திரும்பியவர்கள் உண்டு. உணவும் தங்குமிடமும் கிடைத்தால் அதுவே ஊதியம் என்று எடுத்துக்கொள்ளும் நாடுகள் பல. பிரிட்டனில் சாதாரணப் பார்வையாளர் விசாவில் இருப்பவர், பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு மட்டும், மொத்தம் 30 நாள்வரைதான் தன்னார்வப் பணி செய்யலாம். போகிற நாட்டின் தூதரகத்தில் கேளுங்கள். ‘சும்மா சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிடு’ என்று மையத்துக்காரர்களே சொல்லிக்கொடுத்தால், அந்த மையத்தைப் பற்றி வேறு எதுவும் விசாரிக்கத் தேவையில்லை.

பெட்டியில் என்னென்ன எடுத்துவர வேண்டும்?

விரல்களை மூடும் கெட்டியான காலணி, கிழிந்தால் வருத்தப்படாத முழுக்கைச் சட்டைகள், தொப்பி, கையுறை, தண்ணீர்ப் புட்டி, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, தலையில் மாட்டும் விளக்கு. கடைசியாகச் சொன்னதை யாரும் கொண்டுவருவதில்லை. எல்லோரும் இரவல் கேட்கிறார்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும்போது இரண்டு கைகளும் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது வந்த பிறகுதான் தெரியும்.

டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். 10 ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். மண் பட்ட ஆழமான காயம் என்றால், 5 ஆண்டு கடந்திருந்தாலே மருத்துவர் மறுபடி போடச் சொல்வார். வாசனைச் சோப்பு, ஷாம்பு வகையறாக்களை வாங்குமுன் கீழே தண்ணீர் பற்றிய பதிலைப் படித்துவிடுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடிந்ததும் செடிகளுக்குத் தண்ணீர், விலங்குகள் இருந்தால் தீனி. வெயில் ஏறுமுன் கடினமான வேலை முடிந்துவிடும். நடுப்பகலில் ஓய்வு. மாலையில் நாற்று நடுவது, பழுது பார்ப்பது, சமையல். இரவு எட்டரைக்கே கண் சொருகும். காலையில் எல்லோரும் வட்டமாக நின்று அன்றைய வேலைகளைப் பிரித்துக்கொள்ளும் பத்து நிமிடத்தை மட்டும் தவறவிடாதீர்கள். அதற்கு வராதவருக்கு மிஞ்சிய வேலைதான் கிடைக்கும். மிஞ்சுகிற வேலை எதுவென்று நீங்களே ஊகிக்கலாம்.

மூன்றாம் நாளே உடம்பெல்லாம் வலிக்கிறது, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். நான் இதற்குத் தகுதியில்லாதவனா?

பழகாத வேலை செய்த தசை, ஒரு நாள் கழித்து வலிக்கத் தொடங்கி, மூன்றாம் நாள்வரை வலிக்கும். ஆகவே உங்கள் உடம்பு புத்தகத்தில் எழுதியிருப்பதுபோலவே நடந்துகொள்கிறது. அந்த நாட்களில் முழு ஓய்வைவிட நாற்றங்கால் வேலை, விதை பிரிப்பது போன்ற இலேசான வேலை நல்லது. மண்வெட்டிப் பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஓங்கும்போது மேல் கை வழுக்கிப் போகட்டும். பத்து வெட்டுக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். இடுப்பை வளைத்துக்கொண்டே நிற்காமல் முழங்காலையும் மடக்குங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் சுற்றிவிட்டால் தானே வற்றும். பிறகு அந்த இடம் காய்த்துப்போகும்.

வெயில் வேறு விஷயம்; அதில் வீம்பு உதவாது. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை வேலை நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வயிற்றுப்போக்கால் சோர்ந்தால் கைவசம் ஓஆர்எஸ் கரைசல் பொட்டலம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை: ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஆனால் வெயிலில் நின்ற ஒருவர் உளறினாலோ தள்ளாடினாலோ கரைசல் கலக்கிக்கொண்டிருக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடனே மருத்துவமனைக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

உலர் கழிப்பறை, தண்ணீரே ஊற்றக் கூடாது என்கிறார்களே... நாறாதா? சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டாம். இரவில் கேட்கப்படும் கேள்விகளில் இதுதான் முதலிடம். முதல் இரண்டு நாள் போகாமலே இருந்துவிட்டு, மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றவர்களும் உண்டு.

நாற்றம் வருவது ஈரமும் காற்றின்மையும் சேர்வதால். மலமும் சிறுநீரும் ஒன்றாகத் தேங்கிக் காற்றில்லாமல் அழுகினால் அம்மோனியாவும் அழுகிய முட்டை வாடையுள்ள வாயுவும் கிளம்பும். ஒவ்வொரு முறையும் மேலே மரத்தூள், உமி, காய்ந்த இலைத்தூள் என ஏதாவதொன்றை இரண்டு கை அள்ளிப் போட்டு முழுவதும் மூடினால் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், இடையே காற்று இருக்கும், ஈக்கும் வழியில்லை. நாறுகிறது என்றால் உங்களுக்கு முன் போனவர் தூளில் கஞ்சத்தனம் செய்திருக்கிறார். சிறுநீர் தனியே போகும்படி அமைத்த இடங்களில் ஆணும் உட்கார்ந்துதான் போக வேண்டும். கழுவுவதற்குத் தனி இடம் இருக்கும். அந்தத் தண்ணீர், மலம் சேரும் பீப்பாய்க்குள் விழக் கூடாது. கிருமிநாசினி ஊற்றவே கூடாது. மட்கவைக்கும் நுண்ணுயிர்களையும் அது கொன்றுவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்பீர்கள். தண்ணீர்த் தொட்டி வைத்த கழிப்பறை ஒருமுறைக்கு 6 முதல் 9 லிட்டர் குடிக்கிறது. பழைய மாதிரிகள் 13 லிட்டர்வரை. இங்கே அந்தத் தண்ணீர் மிச்சமாவதோடு உரமும் கிடைக்கிறது. நேற்றுப் போனது நாளை செடிக்குப் போய்விடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 20 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள இடங்களில் ஓராண்டுக்கு மேலும், குளிர்ந்த இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டும் சேமித்து வைக்க வேண்டும். பீப்பாய்மேல் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தேதி எழுதாத மையமாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

குப்பைக்கு ஐந்து வாளி வைத்திருக்கிறார்கள். தவறானதில் போட்டுவிடுவேனோ என்று ஒவ்வொரு முறையும் பதற்றம்.

ஒரு வாரத்தில் கை தானாகப் போகும். காய்கறித் தோல், பழத்தோல், காய்ந்த இலை, மையில்லாத அட்டை ஆகியவை மட்கு குவியலுக்கு. எண்ணெய், சமைத்த மிச்சம், எலும்பு பற்றி ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதி. எலியை வரவழைப்பவை அவைதான். பழத்தில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள். ஓராண்டு கழித்து உரம் சலிக்கும்போது எதுவும் ஆகாமல் பளபளவென்று வருவது அந்த ஸ்டிக்கர்தான். ‘மட்கும் பிளாஸ்டிக்’ என்று அச்சிட்ட கோப்பைகளில் பல, 55 டிகிரிக்கு மேல் பல வாரம் சூடாக இருக்கும் தொழிற்சாலைக் குவியலில்தான் மட்கும். வீட்டுக் குவியலில் அப்படியே கிடக்கும்.

குவியலின் நுட்பம் கழிப்பறைக்குச் சொன்னதேதான்: ஈரமான பச்சைப் பொருளுக்கு மேல் காய்ந்த பழுப்புப் பொருள். பழுப்பில் கார்பனும் பச்சையில் நைட்ரஜனும் அதிகம்; எடையில் கார்பன் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்பது நல்ல கலவை. யாரும் தராசு வைத்து அளப்பதில்லை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். தண்ணீர் ஒழுகினால் காய்ந்ததைச் சேருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நன்றாக வேலை செய்யும் குவியலுக்குள் கை வைத்தால் சுடும். அன்றைக்குத்தான் பலருக்கு இந்த வாழ்க்கையின்மேல் காதல் வருகிறது.

என்னுடைய சோப்பு, ஷாம்புவைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். இது கொஞ்சம் அதிகமாக இல்லையா?

நீங்கள் குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மரத்தின் அடியில் போய் முடியும். சலவைத்தூளிலுள்ள சோடியம் மண்ணில் சேரச் சேர, களிமண் இறுகி நீர் இறங்காமல் போகும். போரான் அதிகமானால் இலை நுனி கருகும். வெளுப்பான் எதையும் வாழவிடாது. அதனால்தான் எளிதில் சிதையக்கூடிய, உப்பு குறைந்த வகைகளை மட்டும் அனுமதிக்கிறார்கள். பாத்திரத்தில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கழுவச் சொல்வதும் இதே காரணத்தால்தான்: எண்ணெய் போய், நீரை வடிகட்டும் சரளைக்கற்களை அடைத்துக்கொள்ளும். இந்த நீரை வாளியில் பிடித்து வைக்காதீர்கள். ஒரு நாளைக்கு மேல் நின்றால் நாறும்.

குளியலுக்கு ஒரு வாளி என்ற விதி கருமித்தனமாகத் தோன்றினால் சின்னக் கணக்கு: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர், சிந்தியது சிதறியதைக் கழிக்காமல். இருபது பேர் தலைக்கு 50 லிட்டர் செலவழித்தால் ஒரே நாளில் காலி.

போன் சார்ஜ் செய்யலாம், தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் மட்டும் கூடாதாம். ஏன்?

இதைக் கேட்டவர்களுக்கு ‘சூரிய சக்தியை வீணாக்காதே’ என்று பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்லி வந்தேன். ஒருவர் விடாமல் கணக்குக் கேட்டார். போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 100 வாட்-மணி மின்சாரம் போகிறது. ஒரு போனின் பேட்டரி கொள்வது 20க்கும் குறைவு. அதாவது ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஐந்து போன். அதுகூடப் பொறுக்கலாம். சிக்கல், கெட்டில் அதை ஒரேயடியாக இழுப்பதில் இருக்கிறது. 2,000 வாட் கெட்டில், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 160 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். சிறிய இன்வெர்ட்டர் தாங்காமல் அணைந்துவிடும். மையம் முழுக்க இருட்டு.

பேட்டரியும் எழுதியிருக்கிற அளவு முழுவதையும் கொடுக்காது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கும். அதில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே மடிக்கணினியையும் போனையும் உச்சிவெயில் நேரத்தில் செருகுங்கள். அப்போது பேனலிலிருந்து நேராக வருகிறது. பேட்டரியைத் தொட வேண்டியதில்லை.

பாம்பு, தேள் இருக்குமா?

இருக்கலாம், அவற்றுக்கும் அது வீடுதான். இரவில் விளக்கில்லாமல் நடக்காதீர்கள். காலணியை உதறிப் பாருங்கள். மூடாக்குக்குள்ளும் (செடியைச் சுற்றி மண்மேல் பரப்பிய இலைதழை) விறகுக் குவியலுக்குள்ளும் வெறுங்கையை விடாதீர்கள். காலில் காயத்தோடு தேங்கிய நீரில் இறங்காதீர்கள். எலிக் காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, நஞ்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது எங்கே இருக்கிறது, இரவில் எந்த வண்டி கிடைக்கும் என்பதை வந்த முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பொறியாளர். இவ்வளவு தூரம் வந்து பாத்திரமா கழுவிக்கொண்டிருப்பது?

இந்தக் கேள்வியை இவ்வளவு வெளிப்படையாகக் கேட்பவர்கள் குறைவு. முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் அதிகம். இருபது பேர் சாப்பிடும் இடத்தில் யாராவது கழுவத்தான் வேண்டும். உங்கள் படிப்புக்கு வேலை வரும். தண்ணீர் மோட்டார் பழுதாகும் அன்று உங்களைத்தான் தேடுவார்கள். ஆனால் மோட்டார் மாதத்துக்கு ஒருமுறைதான் பழுதாகும். பாத்திரம் நாளுக்கு மூன்று முறை சேரும்.

நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். யார் இங்கே ஒட்டிக்கொள்வார்கள், யார் பத்து நாளில் கிளம்புவார்கள் என்று உடல் பலத்தை வைத்தோ ஆர்வத்தை வைத்தோ என்னால் ஒருபோதும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. மாலையில் மண்வெட்டியைக் கழுவித் துடைத்து, எடுத்த இடத்தில் மாட்டுகிறாரா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். புரட்சி பேசிவிட்டு மண்வெட்டியை மழையில் போட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். மறுநாள் காலை அதைத் தேடி அலைந்தது நான்தான். அந்தக் கோபத்தில் சொல்கிறேன் என்றாலும் தவறில்லை.

எனக்கு நல்ல யோசனைகள் இருக்கின்றன, யாரும் காது கொடுப்பதில்லை.

உங்களுக்கு முன் வந்தவர்களும் யோசனையோடுதான் வந்தார்கள். அவர்கள் பாதியில் விட்டுப்போன மூலிகைச் சுருள் பாத்தியும் மண் அடுப்பும் தோட்டத்து மூலையில் கிடக்கும், பாருங்கள். ஒருங்கிணைப்பாளரின் தலைக்குள் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இவர் போன பிறகு இதை யார் பராமரிப்பது?

நானும் ஒருமுறை அடம்பிடித்து, சரிவின் குறுக்கே மழைநீர் வாய்க்கால் வெட்டவைத்தேன். சமமட்டத்தை அளக்காமல் கண் மதிப்பில் வெட்டினேன். முதல் பெருமழையில் நீர் முழுவதும் தாழ்ந்திருந்த ஒரே இடத்தில் திரண்டு, கரையை உடைத்து, நடைபாதையை அரித்துக்கொண்டு போய்விட்டது. மூன்று கழியையும் ஒரு நூலையும் கல்லையும் வைத்து மட்டச் சட்டம் கட்டி அளந்திருந்தால் அரை நாள் வேலை. ஆகவே, யோசனையை எழுதி வையுங்கள். இங்கே ஒரு மழையையும் ஒரு வெயிலையும் பாருங்கள். பிறகு ஒரே ஒரு பாத்தியில் செய்து காட்டுங்கள். பலன் கண்ணுக்குத் தெரிந்தால் கேட்காமலே காது கொடுப்பார்கள்.

எப்போதும் கூட்டம், தனியாக இருக்கவே முடியவில்லை. ஆனாலும் தனிமையாக இருக்கிறது. இது எப்படி?

இரண்டும் ஒன்றாக வருவது இங்கே மிகச் சாதாரணம். தனியறை கிடையாது, ஆனால் உங்களைப் பல காலமாகத் தெரிந்தவர் என்று ஒருவரும் கிடையாது. பத்தாம் நாள் வாக்கில் இது உச்சத்துக்கு வரும். புதுமையின் மயக்கம் தீர்ந்திருக்கும், பழக்கம் இன்னும் வந்திருக்காது. அந்த வாரத்தில் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். நாளில் ஒரு மணி நேரம் உங்களுக்கென்று வைத்துக்கொண்டு, ‘கொஞ்சம் தனியாக இருக்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் மறைந்தால்தான் கோபித்துக்கொண்டதாக நினைப்பார்கள். யாராவது ஒருவரோடு தொடர்ந்து ஒரே வேலையைச் செய்வதும் உதவும். எதிரெதிரே உட்கார்ந்து வராத பேச்சு, பக்கத்துப் பக்கத்தில் களை எடுக்கும்போது வரும்.

இயற்கை வாழ்வு என்கிறார்கள். பார்த்தால் பிளாஸ்டிக் குழாய், சிமென்ட், டீசல் வண்டி! இது போலித்தனம் இல்லையா?

கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இரண்டாம் நாளில் வேண்டாம். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது; அதனால் சுவரை மண்ணில் எழுப்புகிறார்கள். ஆனால் மண் சுவரின் அடி நனைந்தால் இடிந்துவிடும், ஆகவே அடித்தளத்துக்குக் கல்லும் சில சமயம் சிமென்ட்டும். சொட்டுநீர்க் குழாய் பிளாஸ்டிக்தான். அது மிச்சப்படுத்தும் தண்ணீரை வேறு எதில் மிச்சப்படுத்துவது என்பது அவர்கள் கேள்வி. ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் இப்படி ஒரு பேரம் இருக்கும். ‘இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று கேட்டால் நல்ல மையத்தில் நீண்ட கதை சொல்வார்கள். கேள்வியே பிடிக்காமல் முகம் சுளித்தால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கலாம்.

பக்கத்து ஊர்க்காரர்களிடம் எப்படிப் பழகுவது?

வகுப்பெடுக்காமல். நீங்கள் புத்தகத்தில் படித்த மூடாக்கு, ஊடுபயிர், விதை சேமிப்பு எல்லாம் அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து தெரிந்தவையாக இருக்கலாம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். உங்களால் நிறைவேற்ற முடியாத வாக்குறுதி எதையும் கொடுக்காதீர்கள். நீங்கள் அடுத்த மாதம் கிளம்பிவிடுவீர்கள். அந்த வாக்குறுதிக்கு மையம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கடினமான வேலை எது, சுரண்டல் எது என்று எப்படிப் பிரித்தறிவது?

களைப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்றாம் நாள் வலி எந்த நல்ல மையத்திலும் வரும். எழுத்தில் வாங்கச் சொன்ன நான்கு விவரங்களை எடுத்துப் பாருங்கள். ஒப்புக்கொண்ட நேரம் ஓரிரு நாள் நீண்டால் அறுவடைக் காலமாக இருக்கும். வாரக்கணக்கில் நீண்டு, கேட்டால் ‘உனக்கு அர்ப்பணிப்பு இல்லை’ என்று பதில் வந்தால் அது சுரண்டல். பழைய ஆட்களும் பொறுப்பாளர்களும் கூடவே உழைக்கிறார்களா என்றும் பாருங்கள். தன்னார்வலர் மட்டும் வெயிலில், மற்றவர் நிழலில் என்றால் நீங்கள் அங்கே கூலியில்லாத கூலியாள்.

கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது, வெளியே போகவோ போன் பேசவோ தடுப்பது, உடல்ரீதியாகவோ பேச்சிலோ எல்லை மீறுவது: இவற்றில் ஒன்று நடந்தாலும் பேச்சுவார்த்தைக்கு நிற்காமல் கிளம்புங்கள். அதற்காகத்தான் திரும்பும் செலவுக்கான பணத்தை யாருக்கும் தெரியாமல் தனியே வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது நீங்கள் இருக்குமிடம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒப்புக்கொண்ட காலத்துக்கு முன்பே கிளம்பினால் துரோகம் ஆகிவிடாதா?

ஆகாது. சொல்லாமல் கிளம்பினால் மட்டும் மனது கசக்கும். முடிந்தால் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்ட நாற்றங்காலில் என்ன விதை, எந்தத் தேதியில் போட்டது, எதற்கு எப்போது தண்ணீர் என்று ஒரு தாளில் எழுதி அடுத்தவரிடம் கொடுங்கள். அந்த ஒரு தாள், பிரிவு விழாவில் பேசும் பத்து நிமிட உரையைவிட எங்களுக்கு வேண்டியது.

அப்படியே, இரவல் வாங்கிய தலைவிளக்கையும் கொடுத்துவிட்டுப் போங்கள். இதுவரை என்னுடையவை நான்கு போய்விட்டன.